ஐம்பது மைக்ரோவோல்ட் தூரம்

எங்கள் ஊர் சிவன் கோயில் ஓதுவாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சுருதி ஒரு கட்டை. இளவயதில் இரண்டு கட்டையில் நின்று பாடியவராம். இப்போது குரல் இறங்கி, மகாமண்டபத்தின் பின்வரிசைக்குப் போய்ச் சேருவதில்லை. உபயதாரர் ஒருவர் வாங்கிக் கொடுத்த மைக் செட் உண்டு. திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரை எழுப்புவதற்கென்றே பிறந்த பெட்டி அது. அதன் வழியாகக் கேட்டால் கொல்லிப் பண்ணும் ஒன்றுதான், குடிநீர் வரி அறிவிப்பும் ஒன்றுதான். “நான் பாடுறது எனக்கே யாரோ வையுறாப்பல கேக்குது தம்பி” என்றார் ஒரு நாள், சாயரட்சை முடிந்து திருநீற்றை மடித்துக்கொண்டே.

நான் பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. “சின்னதா ஒண்ணு செஞ்சு தர்றேன் ஐயா” என்றேன். மண்டபத்துக்குள் நாற்பது பேர் கேட்க இரண்டு வாட் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் என்றோ வாங்கிப் போட்ட சாமான்கள் பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, பிரிட்ஜ், தடித்த கண்டென்சர்கள். இவை சேர்ந்தால் மேலே 16 வோல்ட், கீழே 16 வோல்ட் கிடைக்கும். குரலை முதலில் நூறு மடங்கு உயர்த்த ஒரு ஆப்-ஆம்ப், அதன் பிறகு பதினொரு மடங்கு உயர்த்த இன்னொன்று. ஆப்-ஆம்பால் வோல்டேஜைக் கூட்ட முடியுமே ஒழிய 8 ஓம் ஸ்பீக்கரைத் தள்ள அதற்குத் தெம்பு கிடையாது. ஆகவே கடைசியில் பிடி139, பிடி140 என்று ஒரு ஜோடி டிரான்சிஸ்டர், எமிட்டர் ஃபாலோயராக. இந்த ஃபாலோயர் வோல்டேஜில் ஒரு துளியும் கூட்டாது. வந்ததை வந்தபடியே வாங்கி, சுமையை மட்டும் தன் தோளில் ஏற்றிக்கொள்ளும்.

முதல் நாள் பெட்டியை மாட்டியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம். ஓதுவார் கண்ணை மூடிக் கேட்டார். “உன் பெட்டி பஞ்சமத்துல சுருதி போடுது. கொஞ்சம் ஏறி நிக்குது, இறக்கு” என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டை ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழ்ப் பஞ்சமம் 98. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் வழியே வந்தால் அலை இரட்டித்து 100. இரண்டு ஹெர்ட்ஸ் ஏற்றத்தை அந்தக் காது பிடித்திருக்கிறது. என் சி.ஆர்.ஓ. அலைகாட்டியில் நான் கட்டம் எண்ணித்தான் கண்டுபிடிப்பேன். மைக் வயரின் எர்த்தை போர்டில் ஒன்று, தகரப் பெட்டியில் ஒன்று என இரண்டு இடத்தில் கட்டி வைத்திருந்தேன். கண்டென்சர் சார்ஜாகும் கரண்ட் ஓடும் பாதையிலேயே மைக்கின் எர்த்தும் நின்றது. எல்லா எர்த்தையும் ஒரே ஆணியில் கொண்டுவந்து சேர்த்தபின் சத்தம் அடங்கியது.

ஒலிபெருக்கி என்ற சொல்லில் ‘பெருக்கு’வதற்கு இரண்டு பொருள் என்பது அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது. ஒன்றைப் பலவாக்குவதும் பெருக்குவதுதான், வாசல் கூட்டுவதும் பெருக்குவதுதான். விடிகாலையில் பிராகாரம் பெருக்கும் அம்மாளுக்கும் எனக்கும் ஒரே வேலை. ஆயிரம் மடங்கு பெரிதாக்க நான்கு ரெசிஸ்டர் போதும், அரை மணியில் முடிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் குப்பை கூட்டுவதிலேயே போகும்.

ஹம் போன பிறகு அதைவிட நுட்பமான குப்பை தெரிந்தது. உச்சஸ்தாயியில் ஓங்கிப் பாடும்போது குரல் சுத்தமாக இருக்கிறது. அடங்கி, மெல்ல இழுத்து, முணுமுணுப்பாகும் இடத்தில் மணல் கலந்தாற்போல் கரகரக்கிறது. கேட்பவர்கள் நேர்மாறாகத்தான் எதிர்பார்ப்பார்கள். சத்தம் கூடினால்தானே கெடும் என்பார்கள். காரணம் அந்த டிரான்சிஸ்டர் ஜோடி. அலையின் மேல்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. ஒவ்வொன்றும் கண் விழிக்க 0.6 வோல்ட் வேண்டும். பூஜ்யத்தின் இருபுறமும் அந்த அளவு வரைக்கும் இரண்டுமே உறங்குகின்றன, கைமாறும் இடத்தில் அலை அறுந்துபோகிறது. பெரிய அலைக்கு இது சிராய்ப்பு. சின்ன அலைக்கோ உடம்பு முழுக்கவே அந்த இருட்டுக்குள்தான். அப்பர் சூலை நோயோடு திருவதிகையில் பாடிய பதிகத்தை ஓதுவார் அடிக்குரலில்தான் எடுப்பார். வலி இருக்கும் இடம் பார்த்து என் பெட்டி அதைக் கெடுத்தது.

மருந்து தெரிந்ததுதான். இரண்டு டயோடு வைத்து டிரான்சிஸ்டர்களை எப்போதும் அரைத் தூக்கத்தில் விழிக்க வைக்க வேண்டும். சூடு ஒரு டிகிரி ஏறினால் அந்த 0.6 வோல்ட் 2 மில்லிவோல்ட் இறங்கும் என்பதால் டயோடுகளை அதே ஹீட் சிங்கில் ஒட்டினேன், இருவருக்கும் ஒரே காய்ச்சல் அடிக்கட்டும் என்று. எமிட்டருக்கு 0.47 ஓம். முக்கால்வாசி சரியாயிற்று. மிச்சம் கால்வாசி போகவில்லை. இரவு பதினொரு மணிக்கு போர்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது என் தப்பு தெரிந்தது. வயசாகிறது என்றும் தெரிந்தது. ஃபீட்பேக் வயரை ஆப்-ஆம்பின் காலிலிருந்தே எடுத்திருக்கிறேன்!

முப்பத்தோரு வருஷம் பையன்களைத் திட்டிய தப்பு இது. கொஞ்சம் விளக்க வேண்டும். ஆப்-ஆம்புக்கு இரண்டு காது. ஒன்றில் ‘இப்படிப் பாடு’ என்ற கட்டளை வந்து சேரும். மற்றதில் ‘நீ இப்படிப் பாடினாய்’ என்ற சாட்சி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் அது கவனிக்கும். வித்தியாசம் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் தன்னைத் திருத்திக்கொள்ளும். நான் அதன் வாயிலிருந்து வந்ததை அதன் காதுக்கே திருப்பிக் கொடுத்திருந்தேன். அது தன் சொல் சுத்தமாக இருக்கிறது என்று திருப்தியாக உட்கார்ந்திருந்தது. டிரான்சிஸ்டர்கள் அதைச் சிதைத்து ஸ்பீக்கருக்கு அனுப்பியது அதற்குத் தெரியவே தெரியாது. வயரைப் பெயர்த்து ஸ்பீக்கருக்குப் போகும் முனையில் வைத்து ஈயம் பற்றவைத்தேன். இப்போது தன் வாயிலிருந்து கிளம்பியது அதன் காதில் விழுவதில்லை. ஊர் கேட்பதுதான் விழுகிறது. மிச்ச மணலும் போயிற்று. மனசாட்சியைக்கூட நம்மில் பலர் அந்தப் பழைய இடத்தில்தான் இணைத்து வைத்திருக்கிறோம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. தூக்கக் கலக்கத்தில் வரும் தத்துவத்தை அதிகம் நம்பக் கூடாது.

இந்த எதிர்மறை ஃபீட்பேக்கைக் கண்டவர் ஹரால்ட் பிளாக், பெல் லேப்ஸ்காரர். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, வேலைக்குப் போக ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது மனதில் பட, கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்திலேயே படம் வரைந்தார். தொலைபேசி பல ஊர் தாண்டிப் போக வழியெங்கும் ஆம்ப்ளிஃபயர்கள் வேண்டும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கெடுத்தால் கடைசி ஊரில் பேச்சு கஞ்சியாகிவிடும். தேவைக்கு மேல் பலமடங்கு கெயினை, அதாவது பெருக்கத்தை, ஏற்படுத்திக்கொண்டு, அதில் பெரும்பகுதியைத் தன்னைத் திருத்திக்கொள்வதிலேயே செலவழித்துவிடு என்றார் பிளாக். கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததை வேண்டுமென்றே இழப்பதாவது என்று பலருக்குப் புரியவில்லை. 1928இல் கேட்ட பேடண்ட் 1937இல்தான் கிடைத்தது. திருப்பி அனுப்பும் சத்தம் எதிர்த்துப் பேசினால்தான் இந்த லாபம். ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள் புகுந்து ‘ஆமாம் சாமி’ போட்டால் என்ன ஆகும் என்பது கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். ஊளைதான்.

இனி, நான் எழுத உட்கார்ந்ததே எதற்காகவோ அதற்கு வருகிறேன். பெட்டி சுத்தமான அன்று மாலை ஓதுவார் ஒரு பதிகம் முழுக்கப் பாடினார். முடித்ததும் முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை. பக்கத்தில் கூப்பிட்டார். “பழைய பெட்டியில யாரோ பாடினான், எனக்குக் கவலை இல்ல. இதுல நானே பாடுறேன். ஆனா நான் இங்க உக்காந்திருக்கேன், சத்தம் அங்க தூண்லேர்ந்து வருது. இது யாரோட குரல் தம்பி?”

கொஞ்சம் குறும்பாகவே பதில் சொன்னேன். “மின்வாரியத்தோட குரல் ஐயா.” பொய் இல்லை. மைக்கில் பிறந்த சின்ன மின்சாரம் உள்ளே நுழைந்த இடத்திலேயே ஒரு ரெசிஸ்டரில் சூடாகித் தீர்ந்துபோகிறது. அது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்குகூட இராது. ஸ்பீக்கரை அசைக்கும் சக்தி முழுவதும் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவது. ஓதுவாரின் குரல் அந்தச் சக்திக்கு மதகு திறந்து மூடுகிறது, அவ்வளவே. “அப்ப என் குரல்?” என்றார். “சூடாயிடுச்சு ஐயா.” அவர் சிரிக்கவில்லை. தேவாரம் ஓதுவது அவருக்குத் தொழில் மாத்திரமில்லை, வழிபாடு. பின்வரிசைக்காரர் கேட்டது வழிபாட்டையா, அதன் நகலையா என்பதுதான் அவர் கேள்வி.

இந்தக் கேள்வி எங்கள் ஊரில் மட்டும் எழுந்ததில்லை. ஜெருசலேமில் வாழ்ந்த யூத சமய அறிஞர் ஷ்லோமோ சல்மான் அவுர்பாக் மின்சாரத்தைப் பற்றி ஆழமாகவே படித்தவர். எஸ்தர் சுருளை வாசிப்பதையும் ஷோஃபார் கொம்பு ஊதுவதையும் மைக் வழியே கேட்டவருக்கு அந்தக் கடமை நிறைவேறாது என்றார். காதில் விழுவது ஒரு சவ்வின் அதிர்வு, மனிதக் குரல் ஆகாது என்பது அவர் வாதம். தொழுகையில் ஒலிபெருக்கி வந்தபோது நம் துணைக்கண்டத்து இஸ்லாமிய அறிஞர்களும் இதைத்தான் விவாதித்தார்கள்: வெளியே வருவது இமாமின் குரலேதானா, எதிரொலிபோல் வேறொன்றா? சைவர்கள் இதை உட்கார்ந்து விவாதித்ததாக நான் படித்ததில்லை. நாம் மைக் செட்டைக் கட்டிவிட்டு, வால்யூமைத் திருகிவிட்டு, சாப்பிடப் போய்விட்டோம்.

அவுர்பாகின் வாதம் மின்சாரக் கணக்கில் சரி. என் லேப் அனுபவம் அவர் பக்கம்தான் சாட்சி சொல்லும். ஆனால் அதே கணக்கைத் தொண்டைக்குள் கொண்டுபோனால் வாதம் நிற்குமா என்பது என் சந்தேகம். நுரையீரல் சீராகக் காற்றை அனுப்புகிறது, அதில் பாட்டு ஏதும் கிடையாது. குரல்நாண்கள் அதைத் திறந்து மூடி நறுக்குகின்றன. 16 வோல்ட் சப்ளையை டிரான்சிஸ்டர் நறுக்குவதும் இப்படித்தான். ஓதுவாரின் வாயிலிருந்து கிளம்பிய காற்று முன்வரிசைக்காரரின் காதுக்குப் போவதில்லை. அடுத்த காற்றை அது தள்ள, அடுத்தது அதற்கடுத்ததைத் தள்ள, கடைசியில் காதோரம் இருக்கிற காற்றுதான் சவ்வைத் தட்டுகிறது. பொருள் மாறாமல் வந்து சேர்ந்தால்தான் குரல் என்றால் உலகத்தில் யாரும் யாருடைய குரலையும் கேட்டதில்லை. மாறாமல் வருவது ஏற்ற இறக்கத்தின் ஒழுங்கு ஒன்றுதான்.

இதைச் சொன்னபோது ஓதுவார் வாய்விட்டுச் சிரித்தார். “ஆக, நானும் ஒரு மைக் செட்டுங்கற.” கொஞ்ச நேரம் கழித்து, “அது ஒண்ணும் புதுசு இல்ல. பாடறது நான்னு யார் சொன்னா? சம்பந்தரே தன் வாக்கு அவன் வாக்குன்னுதானே இருந்தார்” என்றார். நான் மடக்கினேன். “அப்ப நீங்களும் அவனும் ஒண்ணா?” அவர் பளிச்சென்று, “ரெண்டு இல்ல” என்றார்.

ஒன்றா என்று கேட்டால் ‘ரெண்டு இல்ல’ என்பது நழுவல் மாதிரித் தெரியும். அது பதிமூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நின்ற இடம். அத்துவிதம் என்ற சொல்லுக்கு ‘ஒன்று’ என்று பொருள் கொள்வதை அவர் ஏற்கவில்லை. வெறும் ஒன்றே இருந்தால் அதை ஒன்று என்று சுட்ட ஒருவர் வேண்டாமா? வேறாக இல்லை என்பதே அச்சொல் உணர்த்துவது என்றார். இரண்டு பொருள், ஆனால் பிரிப்பு இல்லை. மாணவனாக இருந்த காலத்தில் இது எனக்குச் சொல்விளையாட்டாகத்தான் பட்டது.

அன்றிரவு மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். ஆப்-ஆம்பின் இரண்டு காதுகளையும் பற்றி வகுப்பில் என்ன சொல்லித் தருகிறோம்? இரண்டும் ஒரே வோல்டேஜில் இருப்பதாகக் கொள். இணைப்பு கிடையாது, ஆனால் இணைந்த மாதிரி. அதை வைத்துத்தான் கணக்கெல்லாம் போடுகிறோம். உண்மையில் அவை ஒன்றாவதில்லை. நான் போட்ட ஆப்-ஆம்ப் என்இ5532. அந்த ஐசியின் கெயின், தாழ்ந்த ஒலிகளில், ஏறத்தாழ ஒரு லட்சம். வெளியே 5 வோல்ட் வர வேண்டுமானால் இரண்டு காதுகளுக்கும் நடுவே 50 மைக்ரோவோல்ட் வித்தியாசம் இருந்தே தீர வேண்டும். என் மல்டிமீட்டரில் அது பூஜ்யம் என்றுதான் காட்டும். ஆனால் நிஜமாகவே பூஜ்யமானால் வெளியே ஒன்றும் வராது. பாட்டு முழுவதும் அந்த 50 மைக்ரோவோல்ட் இடைவெளியில்தான் உயிரோடு இருக்கிறது. இரண்டு என்று சொல்ல முடியாத நெருக்கம். ஒன்று என்று சொன்னால் மௌனம்.

மறுநாள் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “உவமைக்கு ஒரு கால்தான் தம்பி. அதுமேல நாற்காலி போடாத” என்றார். நியாயம்தான். சங்கர வேதாந்தி ஒருவர் இதைக் கேட்டால், “உன் கெயின் போதவில்லை, முடிவிலி வரை கூட்டு, வித்தியாசம் மறையும்” என்பார். பாடப்புத்தகத்து ஐடியல் ஆப்-ஆம்ப் அவர் கட்சி. அதில் கெயின் முடிவிலி, வித்தியாசம் சுத்த பூஜ்யம், அப்படியும் பாட்டு வரும். டேட்டாஷீட் மெய்கண்டார் கட்சி. நான் வாழ்நாள் முழுக்க டேட்டாஷீட் பார்த்தே பிழைத்தவன், ஆகவே என் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தவிர, ஆப்-ஆம்புக்கு அந்த வித்தியாசம் ஒழிக்க வேண்டிய பிழை. மெய்கண்டார் வழிச் சைவ சித்தாந்திக்கு உயிர் வேறு பொருளாக இருப்பது பிழையே இல்லை, அது அதன் இயல்பு. உவமை இங்கே உடைகிறது. எந்த முனை சிவம், எந்த முனை உயிர் என்று போர்டில் பென்சிலால் குறிக்கவும் முயன்றேன். குறித்த இடமெல்லாம் அழித்தேன்.

உடையாத உவமை ஒன்று அவரிடமிருந்து வந்தது. யாரும் பாடாதபோது ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்து, “உள்ள ஏதோ ‘ஸ்ஸ்’னு மூச்சு விடுது, அதையும் எடுத்துடு” என்றார். எடுக்க முடியாது என்றேன். 600 ஓம் மைக் என்றால், யாரும் தொடாமலே, அதன் சூட்டினால் மட்டும், கேட்கும் எல்லைக்குள் அரை மைக்ரோவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சலசலக்கும். பெல் லேப்ஸில் ஜான்சன் அதை அளந்தார், நைக்விஸ்ட் காரணம் சொன்னார், இரண்டும் 1928இல் அச்சாயின. வெளியிலிருந்து வந்த ஹம் போன்றதில்லை இது. அந்தச் செம்புக் கம்பி இருக்கும் நாள் முதல் அதற்குள்ளேயே இருப்பது. மைனஸ் 273 டிகிரிக்குக் குளிர வைத்தால் அடங்கலாம். “செம்புல களிம்பு” என்றார் உடனே. ஆணவ மலத்துக்குச் சித்தாந்திகள் சொல்லும் பழைய உவமை. களிம்பு என்று வந்து ஒட்டியது என்று கேட்கக் கூடாது, செம்பு தோன்றியபோதே உடன் இருந்தது. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சத்தி மட்டும் அடங்கிக் கிடக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். புளி போட்டுத் தேய்த்த கோயில் சொம்பு பக்கத்தில் பளபளத்தது. அதே புளியால்தான் என் போர்டின் செம்பைத் தேய்த்திருந்தேன், ஈயம் பிடிக்க வேண்டுமே. பத்து நாளில் மறுபடி கறுத்துவிட்டது. அந்த ‘ஸ்ஸ்’ஸை அப்படியே விட்டுவிட்டோம். காதை ஒட்டிவைத்தால் ஒழியக் கேட்காது.

போன பிரதோஷத்தன்று வால்யூமைப் பாதிக்கும் கீழே இறக்கச் சொன்னார். முன்னால் இருப்பவர்களுக்குத் தொண்டையே போதும், பின்னால் இருப்பவர்களுக்கு மட்டும் பெட்டி. எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று பார்த்துவர என்னைத் தூண் தூணாக நடக்கச் சொன்னார். முதல் தூணில் சந்தேகமில்லை, குரல் அவர் மடியிலிருந்து வருகிறது. ஆறாவது தூணில் தலைக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கர். நடுவே மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் இரண்டு முறை முன்னும் பின்னும் நடந்தேன். காலை எடுத்து வைக்கும்போது பெட்டிபோல இருந்தது, திரும்பினால் அவர்போல இருந்தது. நான்காவது தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கிழவி, என்ன தொலைத்துவிட்டாய் என்று சாடையில் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று தலையசைத்துவிட்டு, பதிகம் முடியும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.